கரண்ட் பில் எகிறினால் எதைக் கொண்டு அளப்பது: மீட்டர் விளக்கா, பிளக் மீட்டரா, டாங் டெஸ்டரா?

வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு பில் வந்தால் வீட்டில் முதலில் மாட்டிக்கொள்வது ஏசி. அடுத்தது மீட்டர்: "கன்னாபின்னாவென்று ஓடுது." அப்புறம் யாராவது ஃபிரிட்ஜ் பழசாகிவிட்டது என்பார்கள். இந்தச் சந்தேகங்கள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வீட்டில் சரிதான். உங்கள் வீட்டில் எது சரி என்பது அளந்தால்தான் தெரியும். அளக்காமல் புது ஃபிரிட்ஜ் வாங்கி, அடுத்த பில்லும் அதே இடத்தில் நிற்பது சகஜம்.

அளக்க ஐந்து வழிகள் இருக்கின்றன. மீட்டரில் மினுக்கும் சின்ன விளக்கு, பிளக்கில் செருகும் வாட் மீட்டர், எலக்ட்ரீஷியன்கள் டாங் டெஸ்டர் என்று சொல்லும் கிளாம்ப் மீட்டர், டிபி பாக்ஸுக்குள், அதாவது வீட்டு லைன்கள் பிரியும் சுவிட்ச் பெட்டிக்குள், பொருத்தும் மானிட்டர், கடைசியாக ஒயரில் கசிவு இருக்கிறதா என்று சோதிக்க எலக்ட்ரீஷியன் கொண்டுவரும் மெக்கர். ஒன்று பிடிக்கும் தப்பை இன்னொன்று கோட்டைவிடும். அதனால் எது உசத்தி என்ற கேள்வியைவிட, உங்கள் சந்தேகம் எதன் மேல் என்ற கேள்விதான் உதவும். கணக்குகளில் 230 வோல்ட் மின்சாரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கருவிக்கு முன்னால் பில்

பில்லில் தொகையைப் பார்க்காமல் மூன்று எண்களைப் பாருங்கள்: முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங், இரண்டுக்கும் இடையில் எத்தனை நாள். யூனிட்டை நாளால் வகுத்தால் வருவதுதான் ஒப்பிடத்தக்க எண். ஒரு தடவை 55 நாளில் 385 யூனிட், அடுத்த தடவை 62 நாளில் 434 யூனிட் என்றால் 49 யூனிட் கூடியதுபோலத் தெரியும். இரண்டுமே நாளுக்கு 7 யூனிட்தான். ரீடிங் எடுப்பவர் ஒரு வாரம் தள்ளி வந்திருக்கிறார், அவ்வளவே. ஆனால் உபயோகம் கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் அடுக்கு முறையில் கட்டணம் வசூலிக்கும் இடத்தில் அந்த 49 யூனிட்டும் மேல் அடுக்கில் போய் உட்காரும். உபயோகம் கூடாமலே தொகை குதிப்பதற்கு இது ஒரு காரணம்.

ஒப்பிடுவது போன பில்லோடு வேண்டாம். போன வருஷம் இதே பருவத்தில் வந்த பில்லோடு ஒப்பிடுங்கள். வீடு பூட்டியிருந்ததால் சராசரி போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சராசரி போட்ட மாதங்களில் குறைத்துப் போட்டிருந்தால், உண்மையான ரீடிங் எடுக்கிற அன்று பாக்கி முழுவதும் ஒரே பில்லில் வந்து விழும். பில்லில் உள்ள ரீடிங் இன்று மீட்டரில் தெரியும் எண்ணைவிட அதிகமாக இருந்தால் வேறு ஆராய்ச்சியே தேவையில்லை, எழுதியதில் தப்பு. நிலைக் கட்டணம், பழைய பாக்கி, கூடுதல் டெபாசிட் ஆகியவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். நாளுக்கான யூனிட்டும் உண்மையிலேயே கூடியிருந்தால் மட்டும் கீழே படியுங்கள்.

மீட்டர் விளக்கு

கையில் எந்தக் கருவியும் இல்லாவிட்டாலும் செல்போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். அது போதும். மின்னணு மீட்டரின் முகப்பில், விளக்கின் பக்கத்திலேயே, ஒரு கிலோவாட் மணிக்கு, அதாவது ஒரு யூனிட்டுக்கு, எத்தனை தடவை அது மினுக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். 800, 1000, 1600, 3200 என்று மீட்டருக்கு மீட்டர் மாறும். 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். 3200 போட்ட மீட்டருக்கு 1125 வரும், 1600க்கு 2250, 1000க்கு 3600. இரண்டு மினுக்கலுக்கு நடுவே எத்தனை நொடி என்று பார்த்து, இந்த எண்ணை அந்த நொடியால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைத்துவிடும்.

கீசர் ஓடும்போது மினுக்கல் வேகமாக இருக்கும், கண்ணால் பிடிக்க முடியாது. 20 மினுக்கலை எண்ணி மொத்த நேரத்தை எடுங்கள். 3200 மீட்டரில் 20 மினுக்கலுக்கு 11 நொடி சொச்சம் ஆனால் சுமார் 2000 வாட். பழைய சக்கர மீட்டர் என்றால் சக்கரத்தின் கறுப்புக் குறி ஒரு சுற்று வர எத்தனை நொடி என்று பார்ப்பது. கணக்கு அதேதான், மினுக்கலுக்குப் பதில் சுற்று.

இந்த முறையின் பலம் இரவில்தான் தெரியும். எல்லோரும் படுத்த பிறகு, ஃபேன், விளக்கு எல்லாம் நிறுத்தி, ஃபிரிட்ஜின் பிளக்கைப் பத்து நிமிஷம் பிடுங்கிவிட்டு மீட்டர் முன்னால் நில்லுங்கள். வீட்டில் "ஒன்றுமே ஓடவில்லை". ஆனால் 3200 மீட்டர் 9 நொடிக்கு ஒரு தடவை மினுக்குகிறது என்று வையுங்கள். 1125ஐ 9ஆல் வகுத்தால் 125 வாட். ஒன்றுமே ஓடாத வீட்டில் 125 வாட்! நாளுக்கு 3 யூனிட், முப்பது நாளில் 90 யூனிட்.

இப்போது டிபி பாக்ஸில் எம்சிபிகளை, அதாவது ஒவ்வொரு லைனுக்கும் உள்ள சின்ன சுவிட்சுகளை, ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஹால் எம்சிபியை இறக்கியதும் 9 நொடி 15 நொடி ஆகிறது. 125 வாட் 75 ஆகிவிட்டது, ஹாலில் 50 வாட் போய்க்கொண்டிருந்தது. டிவிக்கு அடியில் இருக்கும் செட்டாப் பாக்ஸ், ரவுட்டர், ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்தால் இந்த அளவு சுலபமாக வரும். அடுத்து பேட்டரி இன்வெர்ட்டர் இருக்கும் லைனை இறக்குகிறீர்கள். 15 நொடி 45 நொடியாகிறது. இன்னொரு 50 வாட். பேட்டரி முழுதாக சார்ஜ் ஆனபின்னும் 50 வாட் இழுத்தால் பேட்டரியில் தண்ணீர் மட்டத்தையும் வயதையும் பார்க்க வேண்டும். கிழண்டுபோன ஈய அமில பேட்டரி சார்ஜை ஏற்று நிற்காது, சார்ஜர் விடாமல் ஊற்றிக்கொண்டே இருக்கும், பேட்டரி தொட்டால் சுடும். மிச்சமிருப்பது 25 வாட். ஏசி எம்சிபியை இறக்கியதும் விளக்கு நின்றுவிட்டது. ரிமோட்டில் நிறுத்திய ஏசி ஏன் இழுக்கிறது? சில மாடல்களில் அவுட்டோர் யூனிட்டின் கம்ப்ரசர் எண்ணெயைச் சூடாக வைக்க ஒரு சின்ன ஹீட்டர் இருக்கும். சுவரில் இருக்கும் ஏசி சுவிட்சை அணைக்காதவரை அது ஓடும்.

இருபது நிமிஷ வேலை, செலவு ஒன்றுமில்லை. எம்சிபி எந்த அறைக்கு எது என்று பெயர் எழுதாத வீடுகளில் அந்த வேலையும் இதோடு முடிந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. ஃபிரிட்ஜை மறந்துபோய்ச் செருகியே விட்டால் நடுவில் கம்ப்ரசர் கிளம்பி எல்லாக் கணக்கையும் கெடுக்கும். கம்ப்யூட்டர் ஓடும்போது எம்சிபியை இறக்காதீர்கள். எம்சிபியைத் திரும்ப ஏற்றும்போது ஏசிக்கு மூன்று நிமிஷம் இடைவெளி விடுங்கள். விளக்கு மினுக்கவே இல்லாமல் விடாது எரிந்தால் மீட்டர் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பல மீட்டர்களில் சுமை சுத்தமாக இல்லாதபோது விளக்கு அப்படி நிற்கும்.

மீட்டர் விளக்கால் முடியாதது ஒன்று உண்டு. ஏற்றி இறக்கி ஓடும் சாதனத்தின் ஒருநாள் கணக்கை அது சொல்லாது. அங்கேதான் அடுத்த இரண்டும் வருகின்றன.

பிளக் மீட்டரா, டாங் டெஸ்டரா

இரண்டையும் ஒன்றுபோல நினைப்பவர்கள் அதிகம், அதனால்தான் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

டாங் டெஸ்டர் ஆம்பியரை அளக்கும். வாட்டை அளக்காது. கீசர், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் காயில் ஆகியவற்றில் ஆம்பியரை வோல்ட்டால் பெருக்கினால் வாட் சரியாக வரும். மோட்டார் உள்ளவற்றில் வராது. பழைய மாதிரி கம்ப்ரசர் உள்ள ஃபிரிட்ஜில் 1.1 ஆம்பியர் காட்டினால், 230ஆல் பெருக்கி 253 வாட் என்று எழுதிக்கொள்வார்கள். அந்த ஃபிரிட்ஜின் பவர் ஃபேக்டர், அதாவது இந்தப் பெருக்கலில் உண்மையான வாட்டாகும் பங்கு, 0.6 என்றால் மீட்டரில் பதிவாவது 150 வாட்தான். நூறு வாட் அதிகமாகக் கணக்குப் போட்டு, நல்ல ஃபிரிட்ஜைக் கழித்துக்கட்டிவிடுவீர்கள். எல்இடி பல்பு, செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டரின் சும்மா நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றிலும் இதே கோளாறு வரும்.

பிளக்கில் செருகினால் பில்லைப் பாதியாக்கும் என்று விற்கும் பெட்டிகளும் இந்த இடத்தில்தான் பிழைக்கின்றன. உள்ளே இருப்பது ஒரு கெப்பாசிட்டர். அதைச் செருகினால் டாங் டெஸ்டரில் ஆம்பியர் குறையும், விற்பவர் அதைத்தான் காட்டுவார். வீட்டு மீட்டர் வாட்டைக் கணக்கிட்டு யூனிட் போடும்போது பில்லில் எதுவும் குறையாது.

பிளக் மீட்டர் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் சேர்த்து அளந்து உண்மையான வாட்டைச் சொல்லும், யூனிட்டையும் சேர்த்துக்கொண்டே போகும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி, கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஃபிரிட்ஜுக்குக் குறைந்தது மூன்று நாள் விடுங்கள், முடிந்தால் ஒரு வாரம். பனி உருக்கும் ஹீட்டர் சில மணிநேரத்துக்கு ஒருமுறைதான் வரும், ஒரு மணிநேர அளவில் அது தெரியாமல் போகலாம். 250 லிட்டர் சுமாருள்ள நல்ல நிலையிலுள்ள ஃபிரிட்ஜ் நாளுக்கு ஒரு யூனிட்டைச் சுற்றித்தான் நிற்கும். 2 யூனிட்டைத் தாண்டினால் கம்ப்ரசர் அளவுக்குமேல் ஓடுகிறது என்று அர்த்தம்.

அப்போதும் புதுசு வாங்க ஓடாதீர்கள். கதவின் ரப்பர் கேஸ்கட்டில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நாலு பக்கமும் பிடிப்போடு வர வேண்டும். எங்காவது லொடலொடவென்று வந்தால் அந்த இடத்தில் காற்று நுழைகிறது. பின்னாலோ அடியிலோ இருக்கும் கண்டென்சர் காயிலில் தூசி அப்பியிருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தால் ஒரு சாண் முன்னால் இழுங்கள். மூன்றையும் செய்துவிட்டு இன்னொரு வாரம் அளந்தும் 2 யூனிட்டிலேயே நின்றால், கேஸ் குறைந்திருக்கலாம் அல்லது பனி உருக்கும் அமைப்பு கெட்டிருக்கலாம். அதன்பின் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறது.

வாஷிங் மெஷினில் ஒரு துவைப்பு முழுவதையும் அளந்து பாருங்கள், சூடு போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை. வித்தியாசம் மோட்டாரில் இல்லை, தண்ணீரைச் சூடாக்குவதில்தான் என்பது திரையிலேயே தெரியும்.

பிளக் மீட்டருக்கும் குறை உண்டு. நேரடியாக ஒயரில் இணைத்திருக்கும் ஏசி, தண்ணீர் மோட்டார், சீலிங் ஃபேன், கீசர் எதிலும் இதைச் செருக முடியாது. 5 வாட்டுக்குக் கீழே மலிவு மீட்டர்கள் காட்டும் எண்ணை நம்ப முடியாது. வாங்கும்போது ஆம்பியர் அளவைப் பாருங்கள். பிளக் மீட்டராகவும் வேலை செய்யும் ஸ்மார்ட் பிளக்குகள் உண்டு; 10 ஆம்பியர் என்று போட்ட ஸ்மார்ட் பிளக்கில் 3000 வாட் கீசரைச் செருகினால் 13 ஆம்பியர் பாயும், உள்ளே இருக்கும் ரிலே கருகும். 16 ஆம்பியர் போட்டதாக இருந்தாலும் கீசரை ஸ்மார்ட் பிளக்கில் நிரந்தரமாக விடுவது எங்களுக்கு உடன்பாடில்லை. ஒரு நாள் அளந்துவிட்டுக் கழற்றிவிடுங்கள்.

டாங் டெஸ்டரை ஒதுக்கிவிடவும் முடியாது. அதன் இடம் வேறு. ஒரே ஒயரைக் கவ்வினால்தான் ஆம்பியர் காட்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் போவதும் வருவதும் ஒன்றையொன்று அடித்துப் பூஜ்யம் காட்டும். புதிதாகப் பிடிப்பவர்கள் கருவி ரிப்பேர் என்று திருப்பிக் கொடுக்கப் பார்ப்பது இதனால்தான். ஆனால் இரண்டையும் சேர்த்துக் கவ்வியும் பூஜ்யம் வரவில்லை என்றால், போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பவில்லை, எங்கோ எர்த்துக்குக் கசிகிறது. இந்த ஒரு சோதனைக்காகவே அது பையில் இருக்க வேண்டிய கருவி. டிபி பாக்ஸின் மூடியைத் திறந்து செய்யும் வேலை என்பதால் பழக்கமில்லாதவர் கை வைக்கக்கூடாது.

டிபி பாக்ஸ் மானிட்டர்

மெயின் ஒயரைச் சுற்றி ஒரு வளையம் மாட்டி, செல்போனில் வரைபடம் காட்டும் கருவி இது. பார்க்க அழகாக இருக்கும். வாங்குமுன் ஒரே கேள்வி: வோல்ட்டை அளக்க இணைப்பு இருக்கிறதா? வளையம் மட்டும் உள்ளது டாங் டெஸ்டரின் தம்பிதான், ஆம்பியரை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கி வாட் என்று சொல்லும். மூன்று பேஸ் வீட்டுக்கு மூன்று வளையம் வேண்டும். வளையத்தின் அம்புக்குறி திரும்பிவிட்டால் சோலார் உள்ள வீட்டில் வாங்குவதும் கொடுப்பதும் தலைகீழாகிவிடும்.

எந்தச் சாதனம் எப்போது ஓடியது என்று தானாகவே கண்டுபிடித்துச் சொல்வதாகச் சில கருவிகள் வருகின்றன. கீசரைப் பிடித்துவிடும். இன்வெர்ட்டர் ஏசி, டிவி, ஃபேன் என்று வந்தால் குழப்பும். அதற்குப் பதில் ஏசிக்கு ஒன்று, கீசருக்கு ஒன்று என்று தனித்தனி வளையம் போடும் வகையே மேல். ஒரே ஒரு தடவை தப்பைக் கண்டுபிடிக்க இதை வாங்குவது வீண். மூன்று ஏசி, மோட்டார், சோலார் என்று இருக்கும் பெரிய வீட்டுக்குப் பொருந்தும்.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஸ்மார்ட் மீட்டர் இருந்தால், அரைமணி நேரக் கணக்கை மின்வாரியமே இணையத்திலோ செயலியிலோ காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். காட்டினால் இந்தக் கருவியே வேண்டாம். ஏசியும் ஃபேனும் ஓடாத ஓர் இரவில் 2 மணியிலிருந்து 4 மணி வரை உள்ள கோட்டைப் பாருங்கள். அதற்குக் கீழே உங்கள் வீடு பெரும்பாலும் இறங்காது.

கசிவு: இங்கே எலக்ட்ரீஷியன்தான்

எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து பிடுங்கியும், எல்லா சுவிட்சையும் அணைத்தும் ஒரு லைன் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தால் அது கசிவு. 0.2 ஆம்பியர் எர்த்துக்குப் போனால் 46 வாட், நாளுக்கு ஒரு யூனிட்டுக்குமேல். பணத்தைவிட உயிர்தான் இங்கே முக்கியம். எர்த்துக்குக் கசிந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் வேலை செய்யும் வீட்டில் இவ்வளவு கசிவு நிற்காது, உடனே விழுந்துவிடும். ஆகவே கசிந்துகொண்டிருக்கிறது என்றால் ஆர்சிசிபி இல்லை, கெட்டுவிட்டது, அல்லது அடிக்கடி விழுகிறது என்று யாரோ அதைத் தாண்டி ஒயரைப் போட்டுவிட்டார்கள்.

கசிவுக்கு முதல் சந்தேகம் கீசர் எலிமென்ட். உப்புத் தண்ணீரில் எலிமென்ட் மேல் படிவு ஏறும். படிவு ஏறினால் கரண்ட் அதிகம் இழுக்கும் என்பது பரவலான நம்பிக்கை, அது சரியில்லை. தண்ணீருக்குள் இருக்கும் எலிமென்ட்டின் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போகும். ஆனால் படிவுக்கு அடியில் எலிமென்ட் அளவுக்குமேல் சூடாகி, உறையில் ஊசித்துளை விழும். அதன் வழியாகத்தான் கசிவு. அடுத்த சந்தேகங்கள்: மண்ணுக்கடியில் போகும் தோட்ட விளக்கு ஒயர், ஈரச்சுவரில் பதித்த பைப், தண்ணீர் மோட்டாரின் ஒயர் இணைப்பு.

எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. மெயினை நிறுத்தி, மின்னணுச் சாதனங்கள் அனைத்தையும் கழற்றி, ஒவ்வொரு லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே 500 வோல்ட் டிசி கொடுத்துப் பார்க்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த லைனில் கோளாறு. எதையும் கழற்றாமல் 500 வோல்ட் கொடுத்தால் ரவுட்டரும் எல்இடி டிரைவரும் போய்விடலாம், அதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அடுக்குமாடிகளில் இன்னொரு வினோதம் உண்டு. வயரிங் செய்தபோது பக்கத்து வீட்டு நியூட்ரலை உங்கள் நியூட்ரலோடு கலந்துவிட்டிருப்பார்கள். சில மீட்டர்கள் பேஸ், நியூட்ரல் இரண்டிலும் அளந்து, எது அதிகமோ அதைப் பில்லில் ஏற்றும். அவர்கள் ஏசி போட்டால் உங்கள் மீட்டர் ஓடும். இரண்டு ஒயரையும் துண்டிக்கும் மெயின் சுவிட்சை நீங்கள் அணைத்ததும் பக்கத்து வீட்டில் ஏதாவது நின்றுபோனால் கலப்பு உறுதி. பேஸை மட்டும் துண்டிக்கும் சுவிட்ச் என்றால், அணைத்த பிறகும் மீட்டர் விளக்கு மினுக்கும்.

கண்டுபிடித்த பிறகு எதை மாற்றுவது

இங்கே பெரும்பாலோர் வாட்டைப் பார்த்து முடிவெடுப்பார்கள். பில் வாட்டையும் மணியையும் பெருக்கித்தான் வருகிறது. மூன்று யோசனைகளை ஒரு வருஷக் கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

பழைய 1.5 டன் ஏசி கம்ப்ரசர் ஓடும்போது 1700 வாட். இரவில் 8 மணிநேரத்தில் 70 சதவீதம் ஓடினால் 9.5 யூனிட். புது இன்வெர்ட்டர் ஏசி அதே அறையில் 6 யூனிட் எடுத்தால் இரவுக்கு 3.5 யூனிட் மிச்சம். வருஷத்துக்கு 120 இரவு போடும் வீட்டில் 420 யூனிட்.

நாளுக்கு 2.2 யூனிட் எடுக்கும் பழைய ஃபிரிட்ஜை 0.8 எடுக்கும் புதுசாக மாற்றினால் 365 நாளும் 1.4 மிச்சம். 511 யூனிட்.

75 வாட் சீலிங் ஃபேன் நான்கை 30 வாட் பிஎல்டிசி (மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார்) ஃபேனாக மாற்றினால் ஃபேனுக்கு 45 வாட். நாளுக்கு 14 மணிநேரம், 300 நாள் ஓடும் வீட்டில் 756 யூனிட்.

ஃபேன் முன்னால் வந்துவிட்டது. ஏசியை வருஷம் முழுக்க இரண்டு அறையில் போடும் வீட்டில் வரிசை புரண்டுவிடும். அதனால் இந்த எண்களை எடுத்துக்கொள்ளாதீர்கள், கணக்கின் முறையை எடுத்துக்கொண்டு உங்கள் மணிநேரத்தைப் போடுங்கள். இன்னொன்று: மிச்சமாகும் யூனிட்டின் விலையைச் சராசரி விலையில் போடக்கூடாது. முதலில் குறைவது உச்சியிலுள்ள அடுக்கு, ஆகவே நீங்கள் தொட்டிருக்கும் மேல் அடுக்கின் விலையில் போட வேண்டும். சாதனத்தின் விலையை அந்த வருஷ மிச்சத்தால் வகுத்தால் எத்தனை வருஷத்தில் போட்ட காசு திரும்பும் என்று வரும். அது சாதனத்தின் ஆயுளில் பாதிக்குமேல் போனால் நாங்கள் மாற்றச் சொல்வதில்லை.

ஏசியை மாற்றுவதற்கு முன் இலவசமாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரைக் கழுவுவது, அவுட்டோர் யூனிட்டின் காயிலைத் தண்ணீர் பீச்சிக் கழுவுவது, வெப்பநிலையை 22லிருந்து 26க்கு ஏற்றி ஃபேனையும் போட்டுக்கொள்வது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 5 முதல் 6 சதவீதம் குறையும்.

கீசரில் உடனடிச் சூடு தரும் 3000 வாட் வகையா, 15 லிட்டர் தேக்கி வைக்கும் 2000 வாட் வகையா என்ற சண்டை முடிவதே இல்லை. 15 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி சூடேற்ற எந்தக் கீசரானாலும் 0.61 யூனிட் வேண்டும். வாட் அதிகமானால் சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். தேக்கும் வகையில் கூடுதலாகப் போவது, சுவிட்சை அணைக்காமல் விட்ட மணிநேரங்களில் ஆறிப்போகும் சூடு. நாள் முழுக்க விட்டால் அதுவே அரை யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை போகும். குளிப்பதற்குக் கால்மணி நேரம் முன்னால் போட்டு, குளிக்கப் போகும்போது அணைக்கும் வீட்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே.

தண்ணீர் மோட்டாரில் வாட்டைப் பார்ப்பதைவிட நேரத்தைப் பார்ப்பது நல்லது. தொட்டி 40 நிமிஷத்தில் நிறைந்துகொண்டிருந்தது இப்போது 70 நிமிஷம் ஆகிறதென்றால் ஃபுட் வால்வ் கசியலாம், உறிஞ்சும் பைப்பில் காற்று புகலாம், உள்ளே இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். ஒரு குதிரைசக்தி மோட்டார் 1100 வாட் போல இழுக்கும். அந்த அரைமணி கூடுதலுக்கு ஒவ்வொரு தடவையும் அரை யூனிட். நேரம் மாறாமல் தடவை கூடியிருந்தால் மோட்டாரை விட்டுவிட்டுக் கழிவறைத் தொட்டியில் தண்ணீர் வழிகிறதா என்று பாருங்கள்.

மீட்டர் மேலேயே சந்தேகம் மிச்சமிருந்தால்

வீட்டு மீட்டர்கள் பெரும்பாலும் 1 அல்லது 2 சதவீதப் பிழைக்குள் இருக்கும்படி செய்தவை. பில் ஒன்றரை மடங்கானதற்கு மீட்டர் காரணமாக இருப்பது அபூர்வம். ஆனாலும் சோதிக்கலாம். மெயினை அணைத்துவிட்டுப் பதினைந்து நிமிஷம் பாருங்கள், ஒரு மினுக்கல்கூட வரக்கூடாது. அடுத்து, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தெர்மோஸ்டாட் இல்லாத 1000 வாட் ஹீட்டர் காயிலைப் பிளக் மீட்டர் வழியாக ஒரு மணிநேரம் ஓடவிட்டு மினுக்கலை எண்ணுங்கள், அல்லது மீட்டரில் உள்ள புள்ளிக்குப் பிந்தைய எண்ணைப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டி வேண்டாம், நடுநடுவே தானே அணைந்துவிடும். காயிலில் 1000 வாட் என்று போட்டிருப்பதையும் நம்பாதீர்கள். வோல்ட் 240 ஆக இருந்தால் அது 1089 வாட் இழுக்கும், 210 ஆக இருந்தால் 834தான். இந்த ஒரு விஷயத்தை மறந்துதான் பலர் நல்ல மீட்டரின் மேல் புகார் எழுதுகிறார்கள். ஒப்பிட வேண்டியது பிளக் மீட்டர் காட்டும் யூனிட்டோடு.

இரண்டுக்கும் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் பரிசோதனைக் கட்டணம் கட்டுவது தண்டம். அதைத் தாண்டினால் சோதனையை இன்னொரு நாள் திரும்பச் செய்து, ஆரம்பத்திலும் முடிவிலும் இரண்டு மீட்டர்களின் திரையும் ஒரே படத்தில் விழும்படி, முடியாவிட்டால் அடுத்தடுத்து, நேரத்தோடு படமெடுங்கள். "மீட்டர் வேகமாக ஓடுகிறது" என்று எழுதினால் மனு மேசையிலேயே கிடக்கும். இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு, மின்வாரிய மீட்டரில் இவ்வளவு, என் பிளக் மீட்டரில் இவ்வளவு என்று எழுதி, பக்கத்தில் ஒரு சோதனை மீட்டரை வைத்து அளந்து பார்க்கும்படி கேளுங்கள். அவர்கள் வரும்வரை தினமும் ஒரே நேரத்தில் ரீடிங்கைக் குறித்துவைத்திருங்கள். மீட்டரைக் கழற்றினால் கழற்றும்போது இருந்த ரீடிங்கை அவர்கள் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.